பழைய கம்ப்யூட்டரை மாற்றாமல் வேகமாக்குவது: நீலகிரி வீடுகளுக்கான கேள்வி-பதில்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், குந்தா பக்கத்து வீடுகளில் எட்டு வருடம், பத்து வருடம் உழைத்த கம்ப்யூட்டர்கள் நிறைய இருக்கின்றன. பலவற்றில் ஒரே ஒரு பாகம்தான் மற்ற எல்லாவற்றையும் காக்க வைக்கிறது. அது எது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். தப்பான பொருளை மாற்ற மறுபடி ஒருநாள் கோவைக்கு இறங்கி ஏற வேண்டியிருக்கும். அதனால் முதலில் பார்ப்பது, அடுத்து துடைப்பது, கடைசியில்தான் வாங்குவது என்ற வரிசையில் பதில்கள் போகின்றன.

எந்தப் பாகத்தால் மெதுவாகிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பதினைந்து நிமிடம் போதும். முதலில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது இதற்கு ஈடாகாது. விண்டோஸ் 10-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருப்பதால், ஷட்டவுன் செய்தாலும் உள்ளே உள்ள நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்து அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். பல நாள் சேர்ந்த குப்பை அப்படியே தொடரும். ரீஸ்டார்ட்டில் மட்டும்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

டெஸ்க்டாப் வந்தபின் ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் விடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே சிபியு (கணக்குப் போடும் சிப்), மெமரி (ஓடும் வேலைகளைத் தாங்கும் ரேம்), டிஸ்க் (கோப்புகள் கிடக்கும் இடம்) என்ற மூன்று கோடுகளைக் கவனியுங்கள். டிஸ்க் 95, 100 சதவீதத்திலேயே நின்று, சிபியு 20, 30-இல் இருந்தால் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். மெமரி 85-ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. ரேம் நிறைந்துவிட்டால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதத் தொடங்கும், எனவே அப்போது டிஸ்க் கோடும் உச்சியில் நிற்கும். இரண்டும் சேர்ந்து நின்றால் ரேமையும் கணக்கில் சேருங்கள்.

சிபியு உயர்ந்து நின்றால் பிராசஸஸ் பக்கத்தில் எந்த நிரல் அதை உண்கிறது என்று பாருங்கள். சிபியு பக்கத்தில் ஸ்பீட் என்று ஓர் எண் ஓடும், பேஸ் ஸ்பீட் என்று இன்னொன்று நிலையாக இருக்கும். நல்ல வேலை நடக்கும்போதும் ஓடும் எண் பேஸ் ஸ்பீடில் பாதிக்கும் கீழே கிடந்தால் சூடோ, சார்ஜரோ காரணம். மூன்று கோடுகளும் அமைதியாக இருந்தும் இணையப் பக்கங்கள் மட்டும் நகரவில்லை என்றால் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நெட்தான் மெதுவு என்றால்?

பழைய லேப்டாப்புகள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே இருக்கும். கருங்கல் சுவர் வைத்த பழைய பங்களாக்களிலும் எஸ்டேட் குவார்ட்டர்ஸிலும் இரண்டு சுவர் தாண்டினாலே சிக்னல் விழுந்துவிடும். ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோ, லேன் கேபிளை நேராகக் குத்தியோ பாருங்கள். அதில் சரியாக ஓடினால் நீளமான லேன் கேபிள் ஒன்றுதான் உங்களுக்கு வேண்டிய பாகம்.

போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள் வைஃபை பண்புகளில் மீட்டர்டு கனெக்‌ஷன் என்பதை ஆன் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னணியில் விண்டோஸ் அப்டேட் டேட்டாவை எல்லாம் எடுத்துக்கொள்ளும்.

காசு செலவழிக்காமல் என்னென்ன செய்யலாம்?

டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தைத் திறந்து, கம்ப்யூட்டரோடு சேர்ந்து எழவேண்டிய தேவை இல்லாதவற்றை டிசேபிள் செய்யுங்கள். பிரின்டர் உதவியாளர், மியூசிக் பிளேயர், மீட்டிங் செயலிகள், டோரன்ட் போன்றவை. இது அவற்றை அழிக்காது. நீங்கள் திறக்கும்போது மட்டும் ஓடும். தமிழ் எழுத வைத்திருக்கும் என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை போன்றவற்றை மட்டும் விட்டுவைக்கலாம், அவை எடையே இல்லாதவை.

இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கோப்பையும் இரண்டு பேர் சோதிப்பதால் பழைய ஹார்ட் டிஸ்க் மூச்சுத் திணறும். காலாவதியான சந்தாவோடு கிடக்கும் ஆன்டிவைரஸை எடுத்துவிட்டால் விண்டோஸ் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்கும். வீட்டு உபயோகத்துக்கு அது போதும்.

சி டிரைவில் 15 சதவீதமாவது காலியாக இருக்கட்டும். நிறைந்து கிடப்பது பெரும்பாலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும், போனிலிருந்து இறக்கிய வாட்ஸ்அப் வீடியோக்களும்தான். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் வழியாகப் போனால் பழைய அப்டேட் மிச்சங்களை அழிக்கலாம். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸும் வரும், அதில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். நிலப்பத்திர ஸ்கேன்களும் மதிப்பெண் பட்டியல்களும் அங்கேதான் கிடக்கும்.

மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அப்டேட்டை வழக்கமாக மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடும். நமக்கு அது வந்துசேரப் புதனாகிவிடும். அந்த வாரத்தில் ஒருநாள் இரண்டு மூன்று மணி நேரம் கம்ப்யூட்டரை ஆனிலேயே விட்டு, முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்துவிட்டால் மற்ற நாள்களில் தொல்லை குறையும்.

பிசி கிளீனர், ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர் போடலாமா?

வேண்டாம். விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் சில ஆயிரம் பழைய வரிகளால் வேகம் குறைவதில்லை. அவற்றை அழிக்கும்போது தேவையானது ஒன்று போனால் பிரின்டரோ, டேலி என்ற கணக்கு நிரலின் பழைய பதிப்போ நின்றுவிடும். இந்த நிரல்களே ஸ்டார்ட்அப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வதும் உண்டு.

ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறதா என்று எப்படித் தெரியும்?

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலை ஓட்டுங்கள். ஹெல்த் ஸ்டேட்டஸ் கட்டம் நீலமாக இருந்தால் நல்லது. மஞ்சள் என்றால் அன்றைக்கே கோப்புகளை வெளியே எடுங்கள். பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள் முக்கியம். கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்கள், படிக்க முடியாமல் தொங்கும் இடங்கள், மீட்க முடியாதவை என்று அவை சொல்லும். சி5 பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், அந்த இடத்தைப் படிக்க டிஸ்க் திரும்பத்திரும்ப முயல்வதால்தான் திரை உறைந்து நிற்கிறது. இதை எந்தச் சாஃப்ட்வேரும் சரிசெய்யாது. சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை விட்டு, அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஓதம் ஏறிய இணைப்பு, தளர்ந்த கேபிள் இரண்டுமே இந்த எண்ணைக் கூட்டும்.

டிக், டிக் என்று சீரான சத்தம் கேட்டால் எந்த நிரலையும் ஓட்டிப் பார்க்காதீர்கள். டிஸ்க் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பு; பேக்கப் எடுக்க மட்டும் ஓட்டுங்கள்.

எஸ்எஸ்டி மாற்றினால் உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசமா?

எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க் இடத்தில் மாட்டும், சிப்பில் சேமிக்கும் டிஸ்க். ஒரே ஒரு பாகம்தான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டும் நகரும் முனையும் உண்டு. சிதறிக் கிடக்கும் ஒரு சிறு கோப்பைத் தேடிப்பிடிக்க ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிசெகண்ட் ஆகும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது, அதே தேடல் 0.1 மில்லிசெகண்டில் முடியும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கில் சிறு கோப்புகளைத் தேடுவதால் வித்தியாசம் அங்கேதான் தெரியும். பழைய மதர்போர்டில் (எல்லாப் பாகமும் மாட்டும் பெரிய பலகை) சாட்டாவின் மெதுவான பழைய பதிப்பான சாட்டா 2 மட்டுமே இருந்தாலும் கவலை வேண்டாம். பெரிய கோப்பை நகலெடுக்கும் வேகம் நொடிக்கு 270 எம்பி அளவில் நின்றுவிடும், தேடும் வேகம் குறையாது.

இன்னொரு நன்மை நம் ஊருக்கே உரியது. காற்றில் மரம் சாய்ந்து கரன்ட் பட்டென்று போகும்போது, சுழன்றுகொண்டிருக்கும் தட்டுக்கு நேரும் அதிர்ச்சி எஸ்எஸ்டிக்கு இல்லை. எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடும் அபாயம் மட்டும் இரண்டுக்கும் பொது.

கடைக்குப் போகும்முன் எதையெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும்?

லேப்டாப் என்றால் அடியில் ஒட்டியுள்ள முழு மாடல் எண். டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் பெயர். சிபியு-இசட் என்ற இலவச நிரல், கழற்றாமலே போர்டு, ரேம் வகை, எத்தனை ஸ்லாட் என்று எல்லாவற்றையும் காட்டும். அந்தப் பக்கங்களைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கேபினெட்டைத் திறந்து, காலியான சாட்டா போர்ட் இருக்கிறதா, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒயரில் தட்டையான சாட்டா பவர் முனை மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து அதையும் படமெடுங்கள். முனை இல்லாமல் நான்கு முள் மோலக்ஸ் மட்டும் இருந்தால் அதற்கொரு மாற்றி ஒயர் வாங்க வேண்டும். டெஸ்க்டாப்புக்கு சாட்டா டேட்டா கேபிளும் தனியாகக் கேட்டு வாங்குங்கள், எஸ்எஸ்டி பெட்டியில் அது வராது. இந்தச் சிறு கேபிளை மறந்துவிட்டு மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறியபின் நினைவுக்கு வந்தால் அந்த நாளே போச்சு.

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பெரும்பாலான பழைய கம்ப்யூட்டர்களுக்குப் பொருந்தும். 240 அல்லது 256 ஜிபி விண்டோஸுக்கும் நிரல்களுக்கும் போதும். படங்களும் வீடியோவும் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும். எம்.2 என்ற சூயிங்கம் வடிவப் பலகையைக் கடைக்காரர் நீட்டினால், உங்கள் போர்டில் அந்த ஸ்லாட் இருப்பது உறுதியானால் மட்டும் வாங்குங்கள். அதிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு உண்டு, ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் வேலை செய்யாமல் போகலாம். ஆன்லைனில் நம்ப முடியாத மலிவு விலைக்கு 2 டிபி, 4 டிபி என்று வருபவை பெரும்பாலும் போலி. உள்ளே சின்ன மெமரி கார்டு இருக்கும், நிறைந்தபின் பழைய கோப்புகளின் மேலேயே எழுதும்.

எஸ்எஸ்டியை மாட்டும் முறை?

எங்கள் பரிந்துரை, பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன் செய்யாமல் புதிதாக விண்டோஸ் போடுவது. பத்து வருடக் குப்பையைப் புது டிஸ்க்குக்குக் குடிமாற்ற வேண்டாம். கெட்ட இடங்கள் உள்ள டிஸ்க் என்றால் குளோன் பாதியில் நின்றும் போகும்.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸை இறக்குங்கள். நான்கு ஜிபிக்கு மேல் வரும், நல்ல நெட் உள்ள இடத்தில் செய்யுங்கள். பிறகு கரன்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். பனிக்காலத்தின் உலர்ந்த நாளில் கம்பளி உராய்ந்து எழும் நிலைமின்சாரம் சிப்பைக் கொல்லும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலை தொடங்குங்கள்.

இப்போது மிக முக்கியமான ஒன்று: பழைய ஹார்ட் டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, எஸ்எஸ்டி மட்டும் மாட்டிய நிலையில் விண்டோஸ் போடுங்கள். இரண்டும் இருந்தால், பூட் செய்யும் பகுதியை விண்டோஸ் பழைய டிஸ்க்கிலேயே விட்டுவிடுவது உண்டு. பிற்பாடு அந்த டிஸ்க் செத்தால் எஸ்எஸ்டியும் எழாது. அதோடு, தப்பான டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் விபத்துக்கும் இடமில்லை.

விண்டோஸ் போடும்முன், கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே டெலிட் அல்லது எஃப்2 அழுத்தி, பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய் சாட்டா மோட் எஸ்எஸ்டிக்கு ஏற்ற ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா பாருங்கள். பழைய முறையான ஐடிஇ என்றிருந்தால் மாற்றிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஏற்கெனவே உள்ள விண்டோஸை வைத்துக்கொண்டு இதை மாற்றினால் நீலத்திரை விழும். அப்படி மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட் டிக் செய்து, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழவிட்டு, பிறகு டிக்கை எடுத்துவிட வேண்டும்.

விண்டோஸ் 10 ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்த போர்டு என்றால் கீ கேட்கும்போது என்னிடம் இல்லை என்று தாண்டிப் போங்கள். நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். எல்லாம் ஓடியபின் கரன்டை அணைத்து பழைய டிஸ்க்கை மாட்டுங்கள்.

விண்டோஸ் புதிதாகப் போட்டால் பழைய தமிழ்க் கோப்புகள் திறக்குமா?

கோப்பு திறக்கும், ஆனால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியலாம். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக ஏற்றது. அதற்கு முன்னும், பல அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் அதற்குப் பின்னும், பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த கடிதங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் ஏராளம். அவற்றுக்கு அந்தந்த எழுத்துரு இருந்தால்தான் உயிர். அதனால் பேக்கப் எடுக்கும்போது சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் முழுதாக நகலெடுங்கள். புது விண்டோஸில் தேவையான எழுத்துருவை வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் கடிதம் மறுபடி தமிழாகும். கடை வைத்திருப்பவர்கள் டேலியின் டேட்டா ஃபோல்டரையும், டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவரையும், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் மறக்காதீர்கள்.

ரேம் எவ்வளவு போட வேண்டும்?

விண்டோஸ் 10-இல் பிரவுசர், வேர்டு, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு என்று ஓட்ட 8 ஜிபி நிம்மதி. 4 ஜிபியில் எஸ்எஸ்டி இருந்தால் சமாளிக்கலாம். அதற்கு மேல் 16 போட்டாலும் இந்த வேலைகளில் வேகம் அதிகரிக்காது.

ரேம் வகைகளான டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றுக்கொன்று பொருந்தாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. அழுத்தி நுழைக்கப் பார்த்தால் ஸ்லாட் உடையும். லேப்டாப் ரேம் குட்டையானது, டெஸ்க்டாப்பில் ஏறாது. டிடிஆர்3 லேப்டாப்புகளில் 1.35 வோல்ட் மட்டும் ஏற்பவை உண்டு. அவற்றுக்கு டிடிஆர்3எல் என்றே கேட்டு வாங்குங்கள். ஜி41 போன்ற பழைய போர்டுகளில் எட்டு சிப் மட்டும் உள்ள 4 ஜிபி ரேம் எடுக்காமல் போவது வழக்கம். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப் உள்ளதைத் தேடுங்கள்.

32 பிட் விண்டோஸ் ஓடுகிறது என்றால் எவ்வளவு போட்டாலும் 4 ஜிபிக்குள்தான் எடுக்கும். 64 பிட்டை மறுபடி போட்ட பிறகே கூடுதல் ரேம் பயன்படும்.

அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. தேறுமா?

2011 முதல் கொடுக்கப்பட்டவற்றில் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன. முதலில் பேட்டரியைப் பாருங்கள், உப்பியிருந்தால் ஊசியால் குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. கழற்றும் வகை என்றால் கழற்றிவிட்டு சார்ஜரிலேயே ஓட்டலாம். அடிமூடியைத் திறந்து ரேமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க் இடத்தில் எஸ்எஸ்டி வைத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டால் எழுதவும் படிக்கவும் வீடியோ பார்க்கவும் நன்றாக ஓடும். டிவிடி டிரைவ் இருந்தால் அந்த இடத்தில் கேடி என்ற சட்டம் வைத்துப் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டலாம். 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமன் உண்டு, அளந்துவிட்டு வாங்குங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் எழ மறுக்கிறது, பீப் பீப் என்கிறது. ஏன்?

கூடலூர், தேவாலா பக்கம் ஜூனிலிருந்தும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரிலும் அப்பளம் அரை மணியில் நமுத்துப்போகும் ஓதம் இருக்கும். அதே ஓதம் ரேமின் பொன்னிற விளிம்பிலும் ஸ்லாட்டிலும் மெல்லிய படலமாக ஏறும். தொடர்பு விட்டுவிட்டு வருவதால் பீப் அடிக்கும், அல்லது திரை வராது.

கரன்டை முழுக்கத் துண்டித்துவிட்டு ரேமைக் கழற்றுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் அந்த விளிம்பை இரண்டு பக்கமும் மெல்லத் தேய்த்து, துகளைத் தூரமாகத் தட்டிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ஐந்து நிமிடம் உலரவிட்டு, இரண்டு பக்கமும் கிளிக் கேட்கும்வரை அழுத்துங்கள். ஸ்லாட்டுக்குள் ரப்பரையோ ஊசியையோ விடாதீர்கள், மென்மையான பிரஷ் போதும். புது ரேம் வாங்கவேண்டும் என்ற முடிவுக்கு வரும்முன் இதைச் செய்து பார்த்தே ஆகவேண்டும்.

தடுக்க வழி: மழைக்காலத்தில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அதன் சூடே அதன் ஈரத்தை விரட்டும். பெட்டியைத் தரையிலிருந்து அரையடி உயரத்திலும், வியர்க்கும் வெளிச்சுவரிலிருந்து அரையடி தள்ளியும் வையுங்கள். அணைத்த சூட்டோடு பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் உள்ளேயே வேர்க்கும். துணி உறைதான் நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கேபினெட்டுக்குள் போடுவதில் பலனில்லை, திறந்த பெட்டியில் அது அறைக்காற்றின் ஈரத்தைத்தான் உறிஞ்சித் தீரும். மூடிய பையிலோ டப்பாவிலோ வைக்கும் லேப்டாப்புக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் அது உதவும்.

குளிர் ஊரில் கம்ப்யூட்டர் எப்படிச் சூடாகும்?

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்குதான். விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் மெலிந்த காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவான சூட்டையே சுமந்து போகும். அறை குளிராக இருப்பதால் இந்தக் குறை தெரியாமல் ஓடும், சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் அடைபடும்வரை. நம் வீடுகளில் கம்பளி, கார்ப்பெட் நூல் தூசியும் அடுப்பு, கணப்புப் புகையும் ஓதத்தோடு சேர்ந்து கம்பளித் துண்டுபோல் ஹீட்சிங்க்கில் படியும். ஊதினால் வராது, பிரஷ்ஷால் உரித்தெடுக்க வேண்டும்.

கோர் டெம்ப் என்ற நிரலில் சும்மா இருக்கும்போது 35 முதல் 50, வேலையில் 70, 80 டிகிரி என்றால் சரி. 95-ஐத் தொட்டால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். அதுதான் நீங்கள் காணும் மந்தம். விசிறியைச் சுத்தம் செய்யும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், காற்றில் வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும்.

சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் நான்கைந்து வருடமானால் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் துவரம்பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வைத்து அழுத்தினால் போதும், தடவிப் பரப்ப வேண்டாம். இன்டெல் கூலரின் நான்கு முளைகளையும் குறுக்கும் மறுக்குமாக அழுத்துங்கள். ஏஎம்டி என்றால் ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, கூலரை இடவலமாக லேசாகத் திருகிய பிறகே தூக்குங்கள். நேராக இழுத்தால் ஒட்டிய சிப்பும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து முள்கள் வளையும்.

உறைபனிக் காலத்துக் காலையில் கடகட என்கிறது, எழவும் நேரமாகிறது.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியிலும் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளிலும் இது வழக்கம். விசிறி பேரிங்கின் எண்ணெய் குளிரில் இறுகியிருக்கும். ஐந்து நிமிடத்தில் சத்தம் அடங்கினால் அவசரமில்லை, ஆனால் விசிறி வயதாகிவிட்டது. அளவு 80, 92, 120 மில்லிமீட்டரா, முனை மூன்று முள்ளா நான்கு முள்ளா என்று குறித்துவைத்து அடுத்த முறை வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்குகளுக்குக் கீழ்வரம்பு 0 அல்லது 5 டிகிரி என்றே தயாரிப்பாளர்கள் குறிக்கிறார்கள். அறை கொஞ்சம் சூடேறியபின் போடுவது நல்லது.

குளிர்ந்து கிடந்த கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டதும் ஆன் செய்யாதீர்கள். கேஸ் எரியும்போது நீராவியும் வரும், அது குளிர்ந்த உலோகத்தில் துளியாகப் படியும். பனியில் வண்டியில் கொண்டுவந்த லேப்டாப்பையும் பையிலேயே இரண்டு மணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள்.

கரன்ட் பிரச்சினைக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாகவே உண்டு. திடீரென்று அணைந்த ஒவ்வொரு முறையும் விண்டோஸ் டிஸ்க்கைச் சோதிக்கும், கோப்புகள் அரைகுறையாக நிற்கும். லைன் கடைசியில் இருக்கும் எஸ்டேட் வீடுகளில் மாலையில் 230 வோல்ட் 180-க்கும் கீழே விழும். லேப்டாப் சார்ஜர் 100 முதல் 240 வரை தாங்கும் என்பதால் தப்பிக்கும். டெஸ்க்டாப்பின் மலிவு எஸ்எம்பிஎஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகும். வோல்டேஜைச் சீராக்கும் ஏவிஆர் உள்ள 600 விஏ யுபிஎஸ் ஒன்று, சேமித்துவிட்டு முறையாக அணைக்கப் போதிய நேரம் தரும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி இரண்டு, மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும், குளிரில் கரன்ட் போனபின் அது தாங்கும் நேரமும் குறையும். பிரின்டரையும் ஹீட்டரையும் யுபிஎஸ்ஸில் குத்தாதீர்கள்.

பெட்டியைத் தொட்டால் சுர் என்கிறதா? பழைய குவார்ட்டர்ஸில் எர்த் இல்லாத பிளக்கில் ஓடுகிறது. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போட்ட பிறகே யுஎஸ்பியில் எதையும் குத்துங்கள். இடி முழங்கினால் பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்குங்கள். மின்னல் செம்புக் கம்பி வழியாகவும் வரும்.

தினமும் தேதி பழைய வருடத்துக்குப் போகிறது. இணையப் பக்கங்கள் திறக்கவில்லை.

மதர்போர்டில் உள்ள சிஆர்2032 காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பானால் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் பிரவுசர் மறுக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றியபின் பயாஸில் தேதியையும் ஏஹெச்சிஐ அமைப்பையும் மறுபடி சரிபாருங்கள்.

லேப்டாப் சார்ஜரில் போட்டால் இன்னும் மெதுவாகிறது.

சில கம்பெனி லேப்டாப்புகள் தங்கள் சார்ஜரை நடுமுள் வழியாக அடையாளம் காணும். வேறு சார்ஜர் போட்டாலோ, அந்த முள் வளைந்தாலோ சிபியு வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். சரியான வாட் உள்ள சார்ஜரை இரவல் வாங்கிக் குத்திப் பாருங்கள்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதே?

2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. செட்டிங்ஸின் அப்டேட் பக்கத்தில் நீட்டிப்புக்குப் பதிவு செய்தால் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப்பும். தடையைத் தாண்டிப் போட வழிகள் இருக்கின்றன. பேங்க் வேலை பார்க்கும் வீட்டுக் கம்ப்யூட்டரில் நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம். கோர் 2 டுவோ காலத்துச் சிப்பில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு எழவே எழாது.

அப்படியென்றால் லினக்ஸா?

பிரவுசர், கடிதம், யூடியூப் என்று ஓட்டும் வீட்டுக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ நல்ல தேர்வு. 4 ஜிபி ரேமில் இலகுவாக ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் சேர்க்கலாம். போடும்முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து வைஃபை, சவுண்ட், பிரின்டர் மூன்றையும் சோதியுங்கள். டேலியோ, விண்டோஸ் மட்டும் ஏற்கும் கையொப்ப டோக்கனோ வேண்டுமானால் லினக்ஸ் ஒத்துவராது.

எப்போது செலவை நிறுத்த வேண்டும்?

மதர்போர்டில் கெபாசிட்டர் என்ற சிறு உருளைகளின் தலை உப்பியிருந்தால், ரேமும் 32 ஜிபி சேமிப்பும் போர்டிலேயே பற்றவைத்த குட்டி லேப்டாப் என்றால், ஆட்டம் சிப் உள்ள நெட்புக் என்றால் ஒரு ரூபாயும் போடாதீர்கள். டிடிஆர்2 போர்டுக்கு எஸ்எஸ்டி வாங்கலாம், பின்னால் வேறு கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்ளலாம். ரேம் வாங்க வேண்டாம், அது வேறெங்கும் உதவாது.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது?

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் நீலம் காட்டினால் யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2.5 அங்குல டிஸ்க் யுஎஸ்பி கரன்டிலேயே ஓடும், 3.5 அங்குலத்துக்குத் தனி அடாப்டர் வரும் உறை வேண்டும். மாதம் ஒருமுறை நகலெடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில், சுவர் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பீரோவின் அடித்தட்டில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும்.